இசக்கியின் இடது கை

போன ஞாயிற்றுக்கிழமை காலை, செம்பூரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் நடந்துகொண்டிருந்தேன். நடை என்பது டாக்டர் வைத்த பெயர். முழங்காலில் முறிவெண்ணெயைத் தடவிக்கொண்டு, பெஞ்ச் கண்ட இடமெல்லாம் உட்கார்ந்து, எழுந்து, அடுத்த பெஞ்சைத் தேடிப் போவதை நீங்கள் என்னவென்று வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள்.

பூங்காவின் மூலையில் சிமெண்ட் தளம் ஒன்று உண்டு. மற்ற நாட்களில் சிரிப்பு யோகாக்காரர்கள் அதைப் பிடித்துக்கொள்வார்கள். அன்று கறுப்பு பேண்ட் போட்ட ஒரு கூட்டம் ஜோடி ஜோடியாக எதிரெதிரே நின்று மணிக்கட்டோடு மணிக்கட்டை ஒட்டவைத்துக் கைகளைச் சுழற்றிக்கொண்டிருந்தது. பார்த்த உடனே தெரிந்துவிட்டது, சீனக் குங்ஃபூ. தலைமுடியை ஒட்ட வெட்டிய ஓர் இளம்பெண் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். எதிரே நின்ற பையனிடம், "தேக்கோ, லெஃப்ட் கோ மர்னே தோ" என்றாள். இடது கையைச் சாக விடு என்று அர்த்தம். சொல்லிவிட்டுத் தன் இடது கையைத் தொய்யவிட்டாள். அது உயிரில்லாமல் விழுந்தது. பையன் அந்த இடைவெளிக்குள் புகுந்தான். அவளுடைய வலது கை அவன் நெஞ்சில் போய் நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள்.

பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கையை எனக்குத் தெரியும். அது முதன்முதலில் விழுந்தபோது என் கைமேலிருந்துதான் விழுந்தது. அந்தக் கைக்குச் சொந்தக்காரி போய்ச் சேர்ந்து எத்தனையோ வருடங்கள் ஆகிவிட்டன. அவள் அதை யாருக்கும் கற்றுக்கொடுக்கவில்லை. அவளும் யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை.

முழங்காலிலிருந்து முறிவெண்ணெய் வாசனை வந்துகொண்டே இருந்தது. எங்கள் பாலக்காட்டுக்காரர்கள் வீட்டில் அது ஒரு குப்பி எப்போதும் இருக்கும். வழுக்கி விழுந்தாலும் முறிவெண்ணெய், கழுத்து சுளுக்கினாலும் முறிவெண்ணெய். ஆனால் எனக்கு அந்த வாசனை என்றால் பாட்டி வீடோ பாலக்காடோ நினைவுக்கு வராது. திலக் நகரில் கணபதி விழா நடத்தும் மண்டல் ஒன்றின் ஹால்தான் வரும்.

நான் அங்கே போய்ச் சேர்ந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என்னைப் பெரிய வீராங்கனை என்று நினைத்துக்கொள்வீர்கள். அப்போது எங்களுக்கு மாட்டுங்காவில் ஜாகை. எனக்குக் கோட்டைப் பகுதியில் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீஸில் குமாஸ்தா வேலை, புதிதாகச் சேர்ந்திருந்தேன். சாயந்திரம் லோக்கல் ரயிலில் லேடீஸ் டப்பாவில் ஏறிவிடுவேன். ஏறுவது பிரச்சினையே இல்லை, பின்னால் இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இறங்குவதுதான் பாடு. வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும் டோம்பிவிலிவரை போகும் பெண்களின் முழங்கைகளைத் தாண்ட எனக்குத் தெம்பில்லை. ஒரு நாள் மாட்டுங்காவில் இறங்க முடியாமல் சயானில் இறங்கினேன். இன்னொரு நாள் காட்கோபர் வரைக்கும் கொண்டுபோகப்பட்டேன். காட்கோபர் பிளாட்பாரத்தில் நின்று அழுததைப் பார்த்த ஆபீஸ் தோழி ஒருத்திதான், "எங்க காலனில குங்ஃபூ கிளாஸ் நடக்குது, வா" என்றாள். அவள் இரண்டு வாரத்தில் நின்றுவிட்டாள். நான் மாட்டிக்கொண்டேன்.

அம்மா கேட்டாள். "ரயில்லேர்ந்து எறங்கறதுக்குக் குஸ்தி கத்துக்கணுமாடி? கொஞ்சம் முன்னாடியே எழுந்து வாசல்கிட்ட நின்னுண்டா போறாதா?"

நியாயமான கேள்விதான். எண்ணெய்க் குப்பியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மண்டல் ஹாலில் ஒரு பக்கம் போன வருட கணபதிக்குச் செய்த தெர்மோகோல் தூண்கள் அடுக்கியிருக்கும். காற்று வராது. மாஸ்டர் காட்கோபர்க்காரர், கட்டிடங்களுக்கு ஒயரிங் செய்யும் காண்டிராக்டர். கொல்கத்தாவில் ஒரு சீனரிடம் கற்றதாகச் சொல்வார். சீனரின் பெயர்தான் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறும். மற்றபடி மனிதர் கெட்டிக்காரர். கை காலில் அசாத்திய வேகம். தன் வகுப்பிலிருந்து என்றாவது ஒரு பெரிய வித்தை பிறக்கும் என்ற ஆசை அவருக்கு அடிமனதில் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

சண்டை என்று அங்கே உடனே ஆரம்பித்துவிட மாட்டார்கள். முதலில் குதிரை மேல் உட்கார்ந்தாற்போல் தொடையை மடக்கிக்கொண்டு நிற்கவேண்டும். குதிரை கிடையாது. தொடை நடுங்க ஆரம்பித்ததும் பக்கத்து வீட்டுக் குக்கர் சத்தம்கூட உபதேசம் மாதிரி கேட்கும். பிறகு முன்னங்கையோடு முன்னங்கையை மோதி மோதி எலும்பைப் பழக்குவது. அதற்குத்தான் முறிவெண்ணெய். ஆபீஸில் நீளக் கை வைத்த சுடிதாராகப் பார்த்துப் போட்டுக்கொள்வேன், கன்றிப்போன கையைப் பார்த்து யாராவது வேறு விதமாக நினைத்துக்கொள்வார்களே என்று. அதன்பின் கண் சிமிட்டாமல் இருக்கும் பயிற்சி. எதிரே நிற்பவர் மூக்குவரைக்கும் குத்துவார், நீங்கள் விழித்துக்கொண்டே நிற்கவேண்டும். நான் மூடிவிடுவேன். எத்தனை தடவை சொன்னாலும் மூடிவிடுவேன்.

"ஏட்டி, கண்ணத் தொற. குத்து வாறதப் பாக்கணும்லா? பாக்காம இருந்தா வராதா?" என்று என் எதிரே நின்ற பெண் கேட்டாள். அவள்தான் இசக்கி.

தாராவியில் தொண்ணூறடிச் சாலைப் பக்கம் அவர்களுக்கு எவர்சில்வர் பாத்திரக் கடை. ஊர் திருநெல்வேலிப் பக்கம். அண்ணன் கொள்முதலுக்குப் போவான், கடையை இவள்தான் பார்த்தாள். அண்டாவையும் குடத்தையும் தூக்கித் தூக்கி வைத்த கை, மணிக்கட்டு என்னுடையதைப் போல் ஒன்றரை மடங்கு இருக்கும். தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இருவர்தான் என்று மாஸ்டர் எங்களை ஜோடி சேர்த்துவிட்டார். ஞாயிறு காலை நான் மாட்டுங்காவில் ஏறுவேன், அடுத்த ஸ்டேஷன் சயானில் அவள் அதே டப்பாவில் ஏறுவாள். குர்லாவில் மாறித் திலக் நகர். எதற்காகக் குங்ஃபூ கற்கிறாய் என்று ஒரு நாள் கேட்டேன். "எதுக்குன்னு கேட்டா? நல்லாருக்கு, செய்யுதேன்" என்றாள். அவ்வளவுதான். எனக்குப் பொறாமையாக இருந்தது. நான் பயந்துகொண்டு கற்றேன், அவள் பிடித்துப்போய்க் கற்றாள்.

சண்டைக்கு முந்தைய கடைசிப் படிதான் நான் பூங்காவில் பார்த்தது. ஒட்டும் கை என்போம். இருவரும் முன்னங்கைகளை ஒட்டவைத்துக்கொண்டு கண்ணை மூடிவிடவேண்டும். கண் பொய் சொல்லும், தோல் சொல்லாது என்பது மாஸ்டரின் சித்தாந்தம். எதிராளி எங்கே தள்ளுகிறார், எங்கே இழுக்கிறார், எப்போது மூச்சு வாங்குகிறார் என்று எல்லாமே கை வழியாகத் தெரிய ஆரம்பிக்கும். மாதக்கணக்கில் ஒருவரோடு இதைச் செய்தால் அவரை அவர் வீட்டாரை விட உங்களுக்கு அதிகம் தெரிந்துவிடும். இசக்கிக்கு அண்ணனோடு சண்டை என்றால் நான் கையை வைத்ததும் கண்டுபிடித்துவிடுவேன். எனக்குத் தூரமா என்று அவள் கண்டுபிடித்துவிடுவாள்.

அதில் ஒரு விதி உண்டு. எதிராளியின் கை உங்கள் கையைவிட்டு விலகினால் யோசிக்கக் கூடாது. அந்த இடத்தில் உங்கள் கை நேராக உள்ளே பாயவேண்டும். "ஹாத் கயா, தோ அந்தர்" என்பார் மாஸ்டர். கை போனால் உள்ளே. இதைத் திரும்பத் திரும்பச் செய்து, கை தானாகப் பாயும் நிலைக்குக் கொண்டுவருவதுதான் எல்லாப் பயிற்சியின் நோக்கமும்.

எனக்குத் தாமதமாக வந்தது, ஆனால் வந்தது. ஒரு சாயந்திரம் லேடீஸ் டப்பாவில் முன்னால் நின்றவளின் முழங்கை சற்றே நகர்ந்தது, என் கை அந்த இடைவெளியில் போனது, அதன் பின்னாலேயே நானும் போய் மாட்டுங்கா பிளாட்பாரத்தில் நின்றேன். அன்றைக்கு நான் பட்ட சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. அதே வாரம் அம்மா காபி டம்ளரை நீட்டிவிட்டுக் கையைச் சட்டென்று எடுத்தபோது என் கை பாய்ந்து அவள் தோளில் இடித்தது. டம்ளர் உருண்டது. "என்னடி இது, பேய் பிடிச்சாப்ல" என்று அம்மா தோளைத் தேய்த்துக்கொண்டாள். சிரித்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. என்னைக் கேட்காமல் போன கை அது.

மழைக்காலம் முடிந்து தெர்மோகோல் தூண்கள் புதிதாக வந்து அடுக்கப்பட்டிருந்த சமயம். ஒரு ஞாயிறு, நானும் இசக்கியும் கண்ணை மூடிக் கை சுழற்றிக்கொண்டிருந்தோம். திடீரென்று அவளுடைய இடது கை இல்லாமல் போனது. விலக்கவில்லை, உருவவில்லை. தூங்கிப்போன குழந்தையின் கை மடியிலிருந்து நழுவுமே, அப்படி. என் கை விதிப்படி உள்ளே பாய்ந்தது. அதே கணத்தில் அவளுடைய வலது கை என் தாடையைத் தொட்டது. நான் கண்ணைத் திறந்தபோது அவளும் திறந்தாள். அவள் முகத்தில்தான் என்னைவிட அதிக ஆச்சரியம்.

"ஷாபாஷ்!" என்று மாஸ்டர் கூவினார். எல்லோரையும் நிறுத்தி, மறுபடி செய்யச் சொன்னார். சற்று நேரம் சுழற்றியதும் கை மறுபடி விழுந்தது. இது பொறி என்று அவர் விளக்கினார். இடது கையைச் செத்ததுபோல் விட்டுவிட்டு, எதிராளியை உள்ளே இழுத்து, வலது கையால் முடிப்பது. எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டார்.

"நான் ஒண்ணும் பண்ணல மாஸ்டர். அதுவாப் போவுது" என்று இசக்கி தனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னாள்.

அவள் சொன்னது முழு உண்மை. அந்த உண்மைதான் அவளைக் கெடுத்தது. ஏனென்றால் சீன வித்தையில் உச்சி என்பதே அதுதான். செய்கிறேன் என்ற எண்ணமே இல்லாமல் உடம்பு தானே செய்யவேண்டும். மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. "கேட்டீர்களா? அதுவாகப் போகிறதாம். நான் இத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பது இதைத்தான்" என்று எங்களைப் பார்த்து உருகினார். வேறெந்த இடத்திலாவது ஒரு பெண் என் கை அதுவாக விழுகிறது என்று சொல்லியிருந்தால் டாக்டரிடம் கூட்டிப்போயிருப்பார்கள். நாங்கள் கைதட்டினோம்.

அடுத்த வாரத்திலிருந்து வகுப்பு முழுவதும் அதைப் பழக ஆரம்பித்தது. அதற்கு இசக்கி கை என்று பெயர். ஹாலில் அத்தனை பேரும் கண்ணை மூடிக்கொண்டு இடது கையை விழவிட்டுக்கொண்டிருப்போம். மாஸ்டர் நடுவில் நடந்துகொண்டு, "மர்னே தோ, மர்னே தோ" என்பார். சாக விடு, சாக விடு. இப்போது அந்தக் காட்சியை நினைத்தால் உடம்பு சில்லிடுகிறது. அப்போது எனக்கு எரிச்சல்தான் வந்தது, எனக்கு மட்டும் சரியாக விழவில்லையே என்று.

விழாததற்குக் காரணம் எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. கையை வேண்டுமென்று தொய்யவிட்டாலும் தோளில் ஒரு நூல் மிச்சமிருக்கும். எவ்வளவு சாமர்த்தியமாக விட்டாலும் எதிராளியின் தோலுக்கு அந்த நூல் தெரியும். மாஸ்டர் விட்டபோதும் தெரிந்தது. இசக்கியின் கையில் நூல் இல்லை. அது விழும்போது அந்தப் பக்கம் ஆளே இல்லாததுபோல் இருக்கும்.

வேறு சிலதும் நடந்தன. திலக் நகர் ஸ்டேஷன் பாலத்தில் அவளுடைய இடது காலிலிருந்து செருப்பு கழன்றுவிட்டது. அவள் பேசிக்கொண்டே வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தாள். பின்னால் வந்த ஒருவர் எடுத்துக் கொடுத்தபோதுதான் குனிந்து பார்த்தாள். விழுந்து விழுந்து சிரித்தோம். டீக்கடையில் ஒரு தட்டில் இரண்டு வடா பாவ் வாங்கி நடுவில் வைத்தால், தன்னுடையதைத் தின்றுவிட்டு, "உனக்கு வாங்கலையாட்டி?" என்பாள். என்னுடையது அவளுக்கு இடது பக்கம் தட்டிலேயே இருக்கும். கடையில் குடம் கைநழுவி உருண்டது என்று அண்ணன் திட்டினானாம். காலையில் எழுந்தால் தலை வலிக்கிறது, வாந்தி வருகிறது என்றாள். அவள் அம்மா பித்தம் என்று சுக்குக் கஷாயம் போட்டுக் கொடுத்தாள்.

ஒரு ஞாயிறு அவள் கையை ஒட்டவைத்த உடனே எனக்கு வித்தியாசம் தெரிந்தது. விழுவதற்கு முன்பே அந்தக் கை பாதி போயிருந்தது. மாஸ்டரிடம் சொன்னேன். "நீ அதிகம் யோசிக்கிறாய், அதனால்தான் உனக்கு வரமாட்டேன் என்கிறது" என்றார். குர்லா பிளாட்பாரத்தில் இசக்கியிடம் சொன்னேன்.

"இசக்கி, ஒரு டாக்டர்ட்ட காமிச்சுக்கோயேன். எனக்கு மனசே சரியில்லை."

"ஒனக்கு வரலன்னு எரிச்சல்" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு குறைந்து, "உல்லாஸ்நகர் போயிட்டு வந்து பாப்பம். இப்ப போய்க் காட்டுனா அண்ணன் நிப்பாட்டிருவான்" என்றாள். சொல்லும்போது இடது கையை வலது கையால் பிசைந்துகொண்டே இருந்தாள். அவளுக்கும் தெரிந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

உல்லாஸ்நகரில் இன்னொரு வகுப்போடு எங்களுக்குச் சிநேகிதப் போட்டி. துணி வியாபாரிகள் கல்யாணத்துக்கு வாடகைக்கு விடும் ஒரு ஹாலில் நடந்தது. நான் முதல் சுற்றிலேயே தோற்றேன். கண்ணை மூடிவிட்டேன், வேறென்ன. இசக்கி ஜெயித்துக்கொண்டே போனாள். எதிரே வந்தவள் ஒவ்வொருத்தியும் அந்த இடைவெளியைப் பார்த்து உள்ளே புகுந்தாள், அடி வாங்கினாள். பொறி என்று தெரிந்த பிறகும் புகுந்தார்கள். அவ்வளவு நிஜமாக விழுந்தது அந்தக் கை. கடைசிச் சுற்றில் அவளுடைய இடது விலாவில் பலமாக ஒரு அடி விழுந்தது. சத்தம் எனக்குக் கேட்டது. இசக்கி அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கூட்டம் விசிலடித்தது. இரும்பு மாதிரிப் பெண் என்று பக்கத்தில் ஒருவர் சொன்னார். எனக்கு எழுந்து ஓடிவிட வேண்டும்போல் இருந்தது.

தங்க வண்ணம் பூசிய பிளாஸ்டிக் கோப்பை கொடுத்தார்கள். குங்ஃபூ பொம்மை கிடைக்கவில்லை போலிருக்கிறது, கோப்பையின் உச்சியில் மட்டையைத் தூக்கிக்கொண்டு ஒரு கிரிக்கெட் ஆட்டக்காரன் நின்றான். இசக்கிக்கு அதில் அவ்வளவு சந்தோஷம்.

ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக் என்று பாதி ரயில்களை ரத்து செய்துவிடுவார்கள். மீதி ரயில்களில் மொத்த ஊரும் ஏறும். மத்தியான வெயிலில் திரும்பி வரும்போது லேடீஸ் டப்பாவில் நிற்க இடமில்லாமல் நாங்கள் வாசலிலேயே மாட்டிக்கொண்டோம். உண்மையில் அவளுக்கு வாசல்தான் பிடிக்கும். வலது கையில் கோப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, இடது கையால் வாசல் நடுக் கம்பியைப் பிடித்து, காற்றில் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றாள். நான் உள்பக்கம், அதே கம்பியைப் பிடித்துக்கொண்டு. நெரிசலில் என் முன்னங்கை அவளுடைய இடது முன்னங்கையோடு ஒட்டியிருந்தது. மண்டல் ஹாலில் நிற்பது போலவேதான்.

தாணே தாண்டியதும் ரயில் வேகம் பிடித்தது. அவள் எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். சட்டென்று அவள் கை போனது என் தோலுக்குத் தெரிந்தது. அந்தப் பக்கம் ஆளில்லை.

கை போனால் உள்ளே. என் கை பாய்ந்தது. நான் பாய்ச்சவில்லை. விரல்கள் மடங்கி, நேராக அவள் நெஞ்சை நோக்கி, எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் பழக்கிய அதே பாதையில் போனது. அவளுக்குப் பின்னால் திறந்த வாசலும் ஓடுகிற தண்டவாளமும் இருந்தன. அந்தக் குத்து பட்டிருந்தால் நான்தான் அவளைத் தள்ளியிருப்பேன். நடுவில் எந்த இடத்தில் விரல்கள் விரிந்தன என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கழுத்தடியில் குர்த்தாவைக் கொத்தாகப் பிடித்திருந்தேன். துணி கிழியும் சத்தம் கேட்டது. யாரோ ஒரு மராட்டி அம்மாள் என் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். இருவரும் உள்ளே மற்றவர்கள் கால்மேல் விழுந்தோம். கோப்பை வெளியே போய்விட்டது.

டப்பா முழுவதும் கத்திக்கொண்டிருந்தது. இசக்கி மட்டும் கத்தவில்லை. கிழிந்த கழுத்தைப் பிடித்துக்கொண்டு என்னைக் கோபமாகப் பார்த்தாள்.

"எதுக்குட்டி என்னைய அடிக்க வந்த?"

"நீ கையை விட்டுட்டே இசக்கி!"

"விடலையே. நான் கம்பியப் பிடிச்சிட்டுதான நிக்கேன்" என்றாள். அவளுடைய இடது கை மடியில் மல்லாந்து கிடந்தது. அதை நான் பார்ப்பதைப் பார்த்து அவளும் பார்த்தாள். வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல் வெகுநேரம் பார்த்தாள்.

மறுநாள் அண்ணனும் நானும் அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் இளைஞர். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக் கண்ணை மூடச் சொன்னார். இசக்கி நீட்டினாள், மூடினாள். வலது கை அப்படியே நின்றது. இடது கை மெதுவாக, மெதுவாக இறங்கியது. எனக்கு அது மண்டல் ஹால் போலவே இருந்தது. டாக்டர் கைதட்டவில்லை. எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார். அண்ணன் என்னைப் பார்த்தான். மழைக்காலம் முடிந்ததிலிருந்து என்றேன். "அவ்வளவு நாளாக யாருமே கவனிக்கவில்லையா?" என்று கேட்டார். எல்லோரும் கவனித்தோம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

தலைக்குள் வலது பக்கம் கட்டி. வெட்டி எடுத்தார்கள், முழுவதும் எடுக்க முடியவில்லை. அதற்குப் பிறகு அவள் தாராவி வீட்டில் மாடி அறையில்தான் இருந்தாள். ஏணி மாதிரி நிற்கும் இரும்புப் படியில் ஏறிப் போய் அவளைப் பார்ப்பேன். தலை மொட்டை, முகம் உப்பியிருந்தது. கீழே கடையில் பாத்திரம் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். முறிவெண்ணெய் எடுத்துப்போய் அந்த இடது கையில் தேய்ப்பேன். பிரயோசனமில்லை என்று எனக்கும் தெரியும், அவள் அம்மாவுக்கும் தெரியும். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஒரு நாள், "கையக் குடு" என்றாள். வலது கையை என் கையோடு ஒட்டவைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். சுழற்றினோம். அந்தக் கை அப்போதும் என்னைவிட நன்றாகத்தான் இருந்தது.

"பொறின்னு சொன்னாரே மாஸ்டர்" என்றாள் கண்ணைத் திறக்காமல். "பொறிதான் ஏட்டி. நான் வைக்கல. எனக்கு வச்சிருந்தது."

நான் அழுதுவிட்டேன். கை வழியாக அவளுக்குத் தெரிந்திருக்கும். "பேசாம சுத்து" என்றாள்.

வெயில் காலம் முடிவதற்குள் போய்விட்டாள்.

மாஸ்டர் துக்கத்துக்கு வந்து வாசலிலேயே நின்றார், படியேறவில்லை. சில மாதத்தில் திலக் நகர் வகுப்பை மூடிவிட்டு உல்லாஸ்நகர் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி. நான் அதன்பின் குங்ஃபூ பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. மண்டல் ஹாலை இடித்துவிட்டு அங்கே ஒரு உயரமான டவர் வந்துவிட்டது, கணபதியை இப்போது அதன் கார் நிறுத்துமிடத்தில் வைக்கிறார்கள். பாத்திரக் கடை இருந்த இடத்தில் மொபைல் ரிப்பேர் கடை. அண்ணன் குடும்பத்தோடு ஊருக்கே போய்விட்டான். இப்போது கதவு மூடிக்கொள்ளும் ஏசி லோக்கல் வந்திருக்கிறது. அதில் ஏறி, கதவு மூடும் ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் நிற்பவர்களின் இடது கையைப் பார்த்துக்கொள்வேன்.

இத்தனையும் போய், அந்தக் கை மட்டும் மிச்சமிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. போன ஞாயிறு அந்தப் பெஞ்சில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு வகுப்பு முடிந்ததும் எழுந்து அந்தப் பெண்ணிடம் போனேன். தமிழ்ப்பெண்தான், ஆனால் அவளுக்கு இந்திதான் முன்னால் வந்தது. இடது கையை விழவிடுவதை எங்கே கற்றாய் என்று கேட்டேன்.

"உல்லாஸ்நகர்ல எங்க சார்கிட்ட ஆன்ட்டி. அவருக்கு அவரோட குரு சொல்லிக் கொடுத்தாரு. இது சைனால ரொம்பப் பழைய டெக்னிக். மாலூம், தெரியுமா? புக்ஸ்லகூட இருக்காது."

"அதுக்குப் பேர் இருக்கா?"

"பேரெல்லாம் இல்ல ஆன்ட்டி. டெட் லெஃப்ட்னு சொல்லுவோம்."

இல்லை, அதற்கு ஒரு பேர் இருந்தது, அவள் தாராவியில் பாத்திரம் விற்றாள் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தப் பெண் வியர்வையோடு சிரித்துக்கொண்டு நின்றாள். சொல்லவில்லை. பதிலாக, நான் ஒரு தடவை செய்து பார்க்கட்டுமா என்று கேட்டேன். முறிவெண்ணெய் மணக்கும் கிழவி கேட்கிறாளே என்று அவளுக்கு வேடிக்கையாக இருந்திருக்கும். "ஆயியே ஆன்ட்டி" என்று கையை நீட்டினாள்.

மணிக்கட்டை ஒட்டவைத்துக் கண்ணை மூடினேன். இளம் கை, சூடாக இருந்தது. சற்றுச் சுழற்றியதும் அவளுடைய இடது கை விழுந்தது. தோளில் நூல் இருந்தது, தெளிவாகத் தெரிந்தது. என் கை பாயத் துடித்தது. நான் விடவில்லை. அப்படியே காத்துக்கொண்டு நின்றேன்.

"ஆன்ட்டி, நீங்க உள்ள வந்திருக்கணும்" என்றாள் அவள். சொல்லிவிட்டு, விழுந்த கையைத் தூக்கிக் கொண்டுவந்து மறுபடியும் என் கையோடு ஒட்டவைத்தாள்.

அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு அடுத்த பெஞ்சைப் பார்த்து நடந்தேன்.